எவ்வளவு இறங்கும்?

நிரோஜா வெல்டிங் மெசின் வாங்கப் போகிறாள் என்ற கதை வெளியே வந்ததும், இரும்பைத் தொட்டுப் பாராத ஆட்களுக்கெல்லாம் அதைப் பற்றி ஓர் அபிப்பிராயம் பிறந்துவிட்டது. வாழைக்குலை ஏற்றுகிற லொறிக்காரர் பெரிதாக வாங்கு என்றார். பால் எடுக்க வருகிறவர் சீனாச் சாமான் மட்டும் வேண்டாம் என்றார். அவருடைய ரோச் லைற்றும் கைபேசியும் எந்த ஊர்ச் சாமான் என்று ஒருவரும் அவரிடம் கேட்கவில்லை. அக்கா உதயகலா மட்டும் மெசினைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், இதை வாங்கிவிட்டு வீடு வீடாகப் போய் ஆட்களோடு கதைக்க வேண்டுமே, அதற்கு என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டாள். அது நியாயமான கேள்விதான். வீட்டுக்கு ஆரும் வந்தால் நிரோஜா குசினிக்குள் போய்விடுகிறவள்.

அக்காவின் கணவர், அத்தான் வாகீசனுக்கு நீர்வேலியில் பெருந்தெருவோரமாக வெல்டிங் கடை இருந்தது. தொழிற்பயிற்சியில் ஆறு மாதம் ஒட்டு வேலை படித்துவிட்டு நிரோஜா அங்கே சேர்ந்து நான்கு வருடம். சேர்ந்த நாளிலிருந்து அவளுக்குக் கொடுத்தது கிறைண்டரும் பெயின்ற் வாளியும்தான். கடையின் மூலையில் பெரிய வெல்டிங் பிளான்ற் ஒன்று நின்றது. நாலு பேர் சேர்ந்து இறக்கி வைத்த இடத்தை விட்டு அது ஒரு அடி அசைந்ததில்லை. இரும்புதான் அதனிடம் வரும், அது ஓரிடத்துக்கும் போகாது. அதில் வாகீசனும் இன்னும் இரண்டு ஆட்களும் ஒட்டுவார்கள். அவர்கள் ஒட்டியதை நிரோஜா தேய்ப்பாள், துடைப்பாள், நிறம் அடிப்பாள். மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் கழிவு இரும்புகளை எடுத்து ஒட்டிப் பார்ப்பாள். அவள் ஒட்டுவது நல்லாய் இருக்கும் என்று வாகீசனுக்குத் தெரியும். தெரிந்தும், வந்து நிற்கிற ஆட்களுக்கு முன்னால் ஒரு பெண்பிள்ளையிடம் ஒட்டுகிற றொட்டைக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

ஐரிஸ் ரீச்சர் வராமல் இருந்திருந்தால் அந்த மெசின் இன்னும் இரண்டு வருடம் வெறும் கதையாகவே இருந்திருக்கும்.

ரீச்சர் உடுவிலில் இருந்து ஓட்டோவில் வந்தார். கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். கையில் அடிமட்டம் வைத்துக் கீறிய ஒரு படம். அவருடைய கணவர் எட்வேர்ட் பாத்றூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை முடிந்து கிடந்தார். வருகிற புதன்கிழமை வீட்டுக்கு விடுவார்களாம். பிடித்துக்கொண்டு நடக்க ஏதாவது இருந்தால் நடக்கலாம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். அறை வாசலில் இருந்து பாத்றூம் வரைக்கும் சுவரோரமாக ஒரு கைபிடி வேண்டும், அதற்குத்தான் வந்தேன் என்றார்.

வாகீசன் படத்தைப் பார்த்தார். அவருக்கு அந்தக் கிழமை ஒரு கல்யாண மண்டபத்துக் கூரை வேலை. உது சின்ன வேலை ரீச்சர், குழாயை வாங்கி வையுங்கோ, ஆறுதலாக வந்து பார்ப்போம் என்று மரியாதையாகத்தான் சொன்னார். வாகீசனின் 'ஆறுதலாக' எவ்வளவு நீளம் என்று ஊருக்கே தெரியும். ரீச்சருக்கும் விளங்கியிருக்க வேண்டும். படத்தை நாலாக மடித்தார்.

"நான் செய்து தாறன்" என்றது ஒரு குரல். அது தன்னுடைய குரல்தான் என்று தெரிந்ததும் நிரோஜா கிறைண்டரைக் கீழே வைத்தாள்.

வாகீசன் சிரித்தார். "எதாலை ஒட்டப் போறாய்? பசையாலையோ?"

"மெசின் வாங்குவன், அத்தான்."

ரீச்சர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மடித்த தாளை விரித்து நிரோஜாவின் கையில் கொடுத்தார். "புதன்கிழமை பதினொரு மணிக்குக் கூட்டிக்கொண்டு வாறன் பிள்ளை. அதுக்கு முதல் நீர் முடிப்பீரோ?"

நிரோஜா ஓம் என்று தலையாட்டினாள்.

மாதா மாதம் கட்டிய சீட்டை ஒருமுறைதான் அவளால் எடுக்க முடியும். பிழையான மெசினை வாங்கினால் இன்னொன்று வாங்க வழியில்லை. பிறகு கிறைண்டரும் பெயின்ற் வாளியும்தான், எத்தனை வருடம் என்று சொல்ல முடியாது. ஆகவே கடைக்குப் போவதற்கு முதல் வேலையைப் பார்க்கப் போனாள்.

ரீச்சரின் வீடு பழைய சுண்ணாம்பு வீடு. அறையிலிருந்து பாத்றூமுக்குப் போகிற நடை நேராக இல்லை. பாதியில் ஒரு மடக்கு, பிறகு ஒரு படி. சுவரும் வயிறு தள்ளி நின்றது. கடையில் வைத்து ஒட்டிக் கொண்டுவந்தால் ஒரு இடத்திலும் பொருந்தாது. வீட்டுக்குள் வைத்துத்தான் அளந்து அளந்து ஒட்ட வேண்டும். வீடு முழுக்க மெல்லிய வயர். கூடிய கறண்ட் தாங்குகிற பெரிய உருண்டை முனைப் பிளக் குசினி வாசலோரம் ஒன்றே ஒன்று, அதிலும் குளிர்சாதனப் பெட்டி கொழுவியிருந்தது.

குழாய் எவ்வளவு தடிப்பு வேண்டும் என்று நிரோஜா கேட்டாள். ரீச்சர் உள்ளே போய்க் கணவரின் கைத்தடியை எடுத்து வந்தார்.

"அவற்றை விரல் முழுக்க மடங்காது. இந்தத் தடிப்பெண்டாத்தான் கைக்குள்ளை நிக்கும்." பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஆஸ்பத்திரியிலை தண்ணி குடிக்கிறாரில்லை, பிள்ளை. தாகமில்லையாம். தண்ணி குடிச்சா பாத்றூமுக்கு ஆரையேன் கூப்பிட வேணும், அதுதான்."

நிரோஜா கைத்தடியின் தடிப்பை அளந்து, ஒரு அங்குலம் என்று எழுதிக்கொண்டாள். ஒரு அங்குலக் குழாய், மெல்லிய தகடு. கொஞ்சம் சூடு கூடினால் ஓட்டை விழுகிற சாதி. அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஸ்கூட்டியில் அவளுக்கு அதே யோசனைதான்.

அடுத்த நாள் யாழ்ப்பாணம் ரவுணுக்கு வாகீசனும் கூட வந்தார். அவள் ஏமாந்துவிடக்கூடாது என்ற அக்கறை உண்மையாகவே அவருக்கு இருந்தது. மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு அவர் வருவதற்குள் நிரோஜா கடைக்குள் போய்விட்டாள். அங்கே நின்ற விற்பனையாளன் ஜெனிஸ்ரன் என்ன வேண்டும் என்று கேட்டான். வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வசனத்தை அவள் சொன்னாள்: லைற் வேலைக்கு ஒரு மெசின் வேணும். சத்தம் போதவில்லை, லைற் என்ற சொல் மட்டும்தான் அவனுக்குக் கேட்டது. அவன் அவளைக் கூட்டிக்கொண்டுபோய் மின்விளக்குகள் தொங்குகிற பக்கத்தில் நிறுத்தினான்.

"வீட்டு லைற் வேலையோ அக்கா, கல்யாண வீட்டு லைற் வேலையோ? கல்யாணம் எண்டா ஓடி ஓடி எரியிற மாலை இருக்குது."

அவன் ஆளியைத் தட்ட, பச்சையும் சிவப்புமாக ஒரு மாலை அவளுடைய முகத்துக்கு நேரே ஓடத் தொடங்கியது. நிரோஜாவுக்கு அதை நிறுத்தச் சொல்ல வாய் வரவில்லை. பின்னால் வந்த வாகீசன் அதைப் பார்த்துவிட்டு, ஆர் மாப்பிள்ளை என்று கேட்டார். கடையில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். காது சுட்டாலும், சிரிப்புக்குள் கதைப்பது லேசாகத்தான் இருந்தது. வெல்டிங் மெசின், பாரமில்லாத வேலைக்கு, மெல்லிய குழாய் ஒட்ட என்று அவள் சத்தமாகவே சொல்லிவிட்டாள்.

ஜெனிஸ்ரன் மேசையில் இரண்டு மெசினை எடுத்து வைத்தான். ஒன்று சிவப்பு, பெட்டியில் முன்னூறு அம்பியர் என்று பெரிய இலக்கம். மற்றது நீலம், தோளில் கொழுவ ஒரு வாரோடு, சோற்றுப் பானை அளவில் இருந்தது. அதில் நூற்றி நாற்பது என்று போட்டிருந்தது.

வாகீசன் முதலில் இலக்கத்தைப் பார்க்கவில்லை. இரண்டையும் ஒவ்வொரு கையால் தூக்கிப் பார்த்தார். தேங்காயையும் பூசணிக்காயையும் அப்படித்தான் வாங்குவார், மெசினுக்கு மட்டும் ஏன் வேறு விதி. நீலத்தைச் சட்டென்று கீழே வைத்துவிட்டார். இதுக்குள்ளை ஒண்டுமில்லை, காத்துத்தான் அடைச்சிருக்கிறாங்கள் என்றார். இப்ப வாற இன்வேட்டர் மெசின் எல்லாம் பாரமில்லைத்தான் அண்ணை, பழசு மாதிரிச் செம்புக் கம்பி சுத்தி வாறதில்லை என்று ஜெனிஸ்ரன் விளங்கப்படுத்தினான். வாகீசன் கேட்டுக்கொண்டு சிவப்பைத்தான் தடவினார்.

"அப்ப உது முன்னூறு மட்டுக்கும் ஏறுமோ, தம்பி?"

"ஏறும் எண்டுதான் அண்ணை போட்டிருக்கு."

நிரோஜா மெதுவாகக் கேட்டாள். "எவ்வளவு இறங்கும்?"

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். இந்தக் கடையில் மூன்று வருடமாய் நிற்கிறேன், எவ்வளவு ஏறும் என்றுதான் எல்லாரும் கேட்பார்கள், இதை ஒருவரும் கேட்டதில்லை என்றான் ஜெனிஸ்ரன். பிறகு, எழுதியிருக்கிறதை நம்ப வேண்டாம், ஒட்டிப் பாருங்கள் என்றான்.

அவள் கைப்பையைத் திறந்து, கடுதாசியில் சுற்றிய குழாய்த் துண்டுகளை வெளியே எடுத்தாள். சந்தைக்குப் போய் வந்தவள் பையிலிருந்து முருங்கைக்காய் எடுப்பது போல அவற்றை அவள் எடுத்ததைப் பார்த்து வாகீசனுக்குக் கூடச் சிரிப்பு வந்தது.

கடைக்குப் பின்னால் ஒரு சீமெந்து முற்றம் இருந்தது. சிவப்பை வாகீசனே ஒட்டிப் பார்த்தார். கறண்டைக் கூட்டிக் குறைக்கிற திருகை நன்றாகக் குறைத்ததும் றொட் தீயே பிடிக்காமல் இரும்போடு ஒட்டிக்கொண்டது. கொஞ்சம் கூட்டினார், பற்றிக்கொண்டது, பற்றிய வேகத்தில் குழாயில் மூக்குத்துவாரம் போல இரண்டு ஓட்டை. இருபது வருடம் ஒட்டின கை அது. கைப் பிழை என்று அவராலேயே சொல்ல முடியவில்லை. குழாய் சரியில்லை என்றார்.

நீலத்தில் நிரோஜா ஒட்டினாள். முதல் தரம் அவசரப்பட்டதில் றொட் ஒட்டிக்கொண்டது. இரண்டாம் தரம் மெல்லிய சீறலோடு பிடித்தது. திருகை இன்னும் இறக்கினாள். சீறல் நிற்கவில்லை. ஒரு விரல் நீளம் ஒட்டிவிட்டுக் கசடைத் தட்டினாள். ஓட்டை இல்லை. ஜெனிஸ்ரன் குழாயைக் கண்ணுக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்துவிட்டு வாகீசனிடம் கொடுத்தான். அவரும் பார்த்தார்.

ஆனால் அவரிடம் இன்னும் இரண்டு கேள்வி இருந்தது. நீலம் பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம்தான் முழு மூச்சாக வேலை செய்யும், மற்ற நேரம் ஆற வேண்டும் என்று அதன் தாளில் இருந்தது. வேலை நேரத்தில் நித்திரை கொள்ளுகிற மெசின் எங்களுக்கு என்னத்துக்கு என்று கேட்டார். கைபிடி வேலையில் ஒரு பொட்டு ஒட்டு வைத்தால் அடுத்த பொட்டுக்கு முதல் அளக்க வேண்டும், வெட்ட வேண்டும், நேர் பார்க்க வேண்டும், அதற்குள் மெசின் ஆறிவிடும் என்று நிரோஜா சொன்னாள். அதை அவர் ஒத்துக்கொண்டார்.

இரண்டாவது கேள்விதான் பெரியது. "உனக்கு நாளைக்குப் பெரிய வேலை வரும். கேற் கதவு வரும், கூரை வரும். அப்ப உதை வச்சு என்ன செய்வாய்? ஒருக்கா வாங்கிறது பெரிசா வாங்கு."

அவர் சொன்ன தொனி நிரோஜாவுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்த தொனி. வருடப் பிறப்புக்குச் சட்டை எடுக்கப் போனாலும், பள்ளிக்கூடத்துக்குச் சப்பாத்து எடுக்கப் போனாலும், வளருகிற பிள்ளை, இரண்டு அளவு பெரிதாகத் தாருங்கள் என்றுதான் வீட்டில் கேட்பார்கள். எல்லா வீட்டிலும் அப்படித்தான். சப்பாத்துக்குள் பஞ்சு அடைத்துக்கொண்டு, இடுப்பில் ஊசி குத்திக்கொண்டு அவள் நடந்த வருடங்கள் எத்தனை.

"அத்தான், சின்னனிலை எனக்கு எடுத்த சட்டையெல்லாம் பெரிசு" என்றாள். "எனக்கு அளவா வந்த நேரம் அது கிழிஞ்சு போச்சு. பள்ளிக்கூடமும் விட்டாச்சு. ஒரு நாளும் நான் அளவான சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகேல்லை."

அவள் இவ்வளவு நீளமாகக் கதைத்து வாகீசன் கேட்டதில்லை. குழாய்த் துண்டை இரண்டு தரம் கையில் உருட்டினார். பிறகு ஜெனிஸ்ரனிடம், நீலத்தைக் கட்டு தம்பி, உருண்டை முனைப் பிளக்கும் ஒன்று சேர்த்துத் தா, அந்த வீட்டில் அதுதான் இருக்குதாம் என்றார்.

திங்களும் செவ்வாயும் நிரோஜா வேலை செய்தாள். மெசின் ஸ்கூட்டியின் கால் வைக்கிற தட்டில் சரியாக உட்கார்ந்தது. ரீச்சர் நடையில் நனைத்த சாக்கு விரித்து வைத்திருந்தார், நெருப்புப் பொறி விழுந்து தரை பொரியாமல் இருக்க. நிரோஜா மெசினை விறாந்தையில் வைத்தாள். வீட்டுக் கிணற்று மோட்டாருக்கு இழுக்கிற நீள வயரைக் கொண்டு வந்திருந்தாள். குளிர்சாதனப் பெட்டியைக் கழற்றக் கேட்கக் கூச்சப்பட்டு, அதைக் குசினிக்குள் இருந்த சின்னப் பிளக்கில் குத்தி, வீட்டைச் சுற்றி விறாந்தைக்கு எடுத்து, மெசினின் கம்பிகளை ஜன்னலால் நடைக்குள் விட்டாள்.

றொட் ஒட்டிக்கொண்டது. திருகைக் கூட்டினாள், திரும்பவும் ஒட்டிக்கொண்டது. கடை முற்றத்தில் பாட்டுப் போலச் சீறிய மெசின் இங்கே முனகியது. ஐந்து றொட் வீணாகப் போன பிறகு நிரோஜா விறாந்தைப் படியில் குந்திவிட்டாள். ஓட்டை விழாத மெசின் என்று பார்த்துப் பார்த்து, தீயே பிடிக்காத மெசினை வாங்கிவிட்டேனோ. அத்தானுக்குத் தொலைபேசி எடுத்தால் அவர் வருவார். வந்து, நான் சொன்னனான் என்று கூடச் சொல்லமாட்டார். அதுதான் இன்னும் மோசம்.

ரீச்சர் தேத்தண்ணியோடு வந்தார். கோப்பையை வைத்துவிட்டுத் திரும்பும்போது கால் வயரில் தட்டுப்பட, குனிந்து அதைத் தொட்டுப் பார்த்தார்.

"இது சுடுதே, பிள்ளை. கறண்ட் இதிலையே களைச்சுப் போகுதோ?"

நிரோஜா வயரைத் தொட்டாள். மெல்லிய வயர், இவ்வளவு நீளம். மெசினுக்குப் போய்ச் சேருவதற்குள் பாதி மின்சாரம் வழியிலேயே போயிருக்கும். தொழிற்பயிற்சியில் படித்ததுதான் இது. அதைவிட, மெசின் ஏன் விறாந்தையில் இருக்கிறது என்று நினைத்ததும் அவளுக்குத் தன்மேலேயே சிரிப்பு வந்தது. நான்கு வருடமாக மூலையில் நின்ற பிளான்ற்றைப் பார்த்துப் பழகிய பழக்கம். மெசின் என்றால் ஓரிடத்தில் நிற்கும், வயர்தான் போகும் என்று கையும் காலும் தாமாகவே செய்துவிட்டன. தோளில் கொழுவ வார் வைத்த மெசினை வாங்கி, அதையும் மூலையில் நிறுத்தியிருக்கிறாள்.

குளிர்சாதனப் பெட்டியைக் கொஞ்ச நேரம் கழற்றலாமா என்று ரீச்சரைக் கேட்டாள். ரீச்சர் மீனை எடுத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்தார். நிரோஜா நீள வயரைச் சுருட்டி எறிந்துவிட்டு, மெசினைத் தூக்கிக்கொண்டு போய்க் குசினி வாசற்படியில் வைத்து நேரே பெரிய பிளக்கில் குத்தினாள். அங்கிருந்து கம்பி நடையின் இரண்டு முனைக்கும் எட்டியது. றொட்டை உரசினாள். சீறியது.

பிறகு அவள் நிமிரவில்லை. தரையில் தகட்டுக் கால்களை இறுக்கி, ஒவ்வொன்றிலும் குழாயை வைத்து ஒரு பொட்டு, நேர் பார்த்து இன்னொரு பொட்டு, பிறகு முழு ஒட்டு. வயிறு தள்ளின சுவரோடு குழாயும் மெல்லமாய் வளைந்து போனது. ஒட்டின இடமெல்லாம் கை வழுக்கிப் போகிற மாதிரித் தேய்த்தாள். செவ்வாய் பின்னேரம் கடைசி நிறம் அடிக்கும்போது, ஒட்டினவளே நிறமும் அடிக்கிற வேலை இதுதான் முதல் தரம் என்று நினைத்தாள்.

புதன்கிழமை எட்வேர்ட் வாடகைக்குப் பிடித்த வான் ஒன்றில் வந்து இறங்கினார். மெலிந்த, உயரமான மனிதர். முன்பு ரெயில்வேயில் இருந்தவர். ரீச்சர் பிடிக்க வந்த கையைத் தள்ளிவிட்டு, அறை வாசலில் நின்று கைபிடியைப் பார்த்தார்.

"ஆர் உந்தத் தண்டவாளம் போட்டது?"

ரீச்சர் நிரோஜாவைக் காட்டினார்.

"யாழ்தேவி ரெயில் தாங்குமோ?"

"தாங்கும் ஐயா" என்றாள். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

அவர் ஒரு கையால் பிடித்து உலுக்கினார். பிறகு உடம்பின் பாரம் முழுவதையும் அதில் போட்டார். குழாய் அசையவில்லை. அவருடைய விரல்கள் அதைச் சுற்றி மடங்கியிருந்தன, முழுதாக இல்லை, போதுமான அளவுக்கு. ஒரு அடி, இன்னொரு அடி. மடக்கில் நின்று ஒட்டைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார். படியில் ஒருதரம் நின்று ஏறினார். உள்ளே போனார். கொக்கி விழும் சத்தம் கேட்டது.

"எட்வேர்ட், பூட்டாதேங்கோ."

"பூட்டாட்டிப் பிறகு என்னத்துக்குப் பாத்றூம்?"

இரண்டு பெண்களும் நடையில் நின்றார்கள், ஒன்றையும் காது கொடுத்துக் கேட்காதவர்களைப் போல. நாளைக்கு எங்கே வேலை என்று ரீச்சர் கேட்டார். ஒன்றும் இல்லை, இனித்தான் பார்க்க வேண்டும் என்றாள் நிரோஜா. தேவாலயத்துக்கு வருகிற ஆட்களில் முழங்கால் நோக்காரர் எத்தனை பேர் என்று ரீச்சர் விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். ஏழு வரை வந்தபோது உள்ளே இருந்து குரல் கேட்டது.

"அந்தப் பிள்ளை போயிட்டுதோ?"

"இல்லை, நிக்குது. ஏன்?"

"வந்து சேர வழி போட்டிருக்கு, நல்லாத்தான் இருக்கு. இருந்தெழும்பப் பிடிக்க ஒண்டும் இல்லையே. நீர் கீறின படத்திலையோ பிழை?"

ரீச்சர் வாயில் கை வைத்தார். கணக்கு ரீச்சர் கீறிய படத்தில் அது இல்லைத்தான். நிரோஜாவும் யோசிக்கவில்லை. கதவைத் திறக்க முடியுமா என்று ரீச்சர் பதறிக்கொண்டு கேட்க, உள்ளே இருந்தவர் அவசரமே இல்லாமல், முகம் கழுவுகிற தொட்டி இருக்குது, மெல்ல எழும்புவேன், பதறாதேங்கோ என்றார். பிறகு முனகல், பிறகு தண்ணீர் ஊற்றும் சத்தம், பிறகு கொக்கி.

அவர் வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றார். நெற்றி வியர்த்திருந்தது. நிரோஜா அவருக்கு வழிவிட்டு நிற்கவில்லை. அளவு நாடாவைக் கையில் எடுத்துக்கொண்டு, "ஐயா, எழும்பேக்கை உங்கடை எந்தக் கை முதல் தேடினது?" என்று கேட்டாள்.

எட்வேர்ட் யோசித்து, இடது கையைத் தூக்கிக் காட்டினார். அவள் உள்ளே போய் அந்தப் பக்கத்துச் சுவரை அளக்கத் தொடங்கினாள்.